கிளினிக் கொப்பி கைக்கு வந்த பிறகு



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாருக்காவது சீனி வருத்தம் இருந்தால் பொறுமையாக வாசியுங்கள். இல்லாத வீட்டாரும் வாசிக்கலாம், ஆனால் அப்படி ஒரு வீட்டை எங்கள் தெருவில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

2018, 2019 காலத்தில் நாடு முழுக்க எடுத்த ஒரு ஆய்வில், வளர்ந்தவர்களில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. ஒரு வலிமாவில் 100 பேர் உட்கார்ந்தால் அதில் 23 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு முன்னால்தான் நெய்ச்சோற்றையும் வட்டிலாப்பத்தையும் வைக்கிறோம். "தின்னுங்க, ஒரு நாளைக்குத் தானே" என்றும் சொல்கிறோம். கலியாண சீசனில் அந்த ஒரு நாள் வாரத்துக்கு மூன்று தரம் வருகிறது.

எங்கள் ஊரில் ஒருவருக்குச் சீனி என்று தெரிந்தால் டொக்டர் சொன்னதை விட மற்றவர்கள் சொல்வதுதான் அதிகம். "அது இப்ப எல்லாருக்கும் தானே, யோசிக்காதீங்க" என்று ஒருவர். "சோத்தைத் தொடவே வேணாம்" என்று இன்னொருவர். மூன்றாமவர் போனைத் திறந்து ஏதோ இலைச் சாறு பற்றிய வீடியோவை அனுப்பி விடுவார். புதிதாகக் கிளினிக் கொப்பி எடுத்த மனிசன் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? முதல் வாரம் சோற்றை விடுவார், இரண்டாம் வாரம் சாறு குடிப்பார், மூன்றாம் வாரம் "எல்லாருக்கும் தானே" என்று பழையபடி இருந்துவிடுவார். அடுத்த தவணைக்குப் போகும்போது நேர்ஸின் ஏச்சு மட்டும் மிச்சம்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பதுதான் எங்கள் கருத்து. வருத்தம் ஒருவருக்கு வருகிறது. அரிசி போடும் பானை முழு வீட்டுக்கும் ஒன்று. தேத்தண்ணி ஊற்றும் கை இன்னொருவருடையது. விருந்துக்குக் கூப்பிடுபவர் வேறு ஆள். ஆகவே இது அவர்கள் எல்லோரின் அலுவலும்தான்.

முதலில் இலக்கங்களைப் பார்ப்போம். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 126 அல்லது அதற்கு மேல், அல்லது ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. மருந்தெடுக்கும் பெரும்பாலானவர்களுக்கு ஹெச்பிஏ1சி 7க்குக் கீழே இருப்பது இலக்கு. வயதாளிகளுக்கும் வேறு வருத்தம் உள்ளவர்களுக்கும் டொக்டர் கொஞ்சம் தளர்த்திச் சொல்வார். இந்த ஹெச்பிஏ1சி என்பது ஏறத்தாழ கடந்த மூன்று மாதத்துச் சீனியின் சராசரி. ஏன் இதைச் சொல்கிறோம் என்றால், கிளினிக்குக்கு மூன்று நாள் முன்னால் பத்தியம் இருந்துவிட்டுப் போகும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் நிறைய உண்டு. வெறும் வயிற்றுச் சோதனையை அப்படி ஏமாற்றலாம். தவணை முழுக்க விளையாடிவிட்டுப் பரீட்சைக்கு முந்திய இரவு பாடமாக்கும் பிள்ளைகளை நாங்கள் தினமும் பார்க்கிறோமே, அதே வேலைதான். ஹெச்பிஏ1சி வரவு இடாப்பைப் போல, வராத நாளெல்லாம் அதில் இருக்கும்.

அடுத்தது உடல் எடை. இதில்தான் எங்கள் ஊர் வாய் செய்யும் அநியாயம் கொஞ்சநஞ்சமில்லை.

மெலிவு இரண்டு வகை. சீனி கட்டுப்பாடில்லாமல் ஏறிக் கிடக்கும்போது உடம்பு குளுக்கோசைப் பாவிக்க முடியாமல் அதைச் சிறுநீரில் வெளியேற்றும். தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு, கூடவே ஆள் உருகிப் போவது. இது கெட்ட மெலிவு, உடனே காட்ட வேண்டியது. மற்றது, மருந்தும் ஒழுங்கு, சாப்பாடும் ஒழுங்கு, நடையும் உண்டு, சீனி இறங்கிக்கொண்டே எடையும் மெதுவாகக் குறைகிறது. இது நாம் தேடிப் போகும் மெலிவு. எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே வரவேற்புத்தான்: "என்ன ராத்தா, இப்பிடி வத்திப் போயிட்டீங்க? வருத்தம் கூடிட்டோ?" ஆறு மாதம் பாடுபட்டு ஐந்து கிலோ குறைத்த ஒரு பெண்ணிடம் கலியாண வீட்டில் பத்துப் பேர் இதைக் கேட்டால் பதினோராவது ஆள் கேட்க முன்னம் அவ வட்டிலாப்பத்தில் கரண்டியைப் போட்டு விடுவா. எடையைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்காமல் இருப்பது ஒரு உதவி. ஒரு சதம் செலவில்லை.

எடை ஏன் முக்கியம்? இரண்டாம் வகை நீரிழிவில், அதுதான் பெரும்பாலானவர்களுக்கு உள்ளது, வயிற்றுக்குள்ளேயும் ஈரலிலும் கணையத்திலும் சேரும் கொழுப்பு இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. அந்தக் கொழுப்புக் கரைந்தால் இன்சுலின் மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது. 2017இல் வெளியான டைரெக்ட் என்ற பிரித்தானிய ஆய்வில், நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்களுக்கு டொக்டர், நேர்ஸ் கண்காணிப்பில் கடுமையான எடைக் குறைப்புத் திட்டம் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 46 வீதமானோர் குளிசை இல்லாமலே நீரிழிவு அளவுக்குக் கீழே வந்துவிட்டார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் அது 86 வீதம். "சீனி வந்தா மவுத்து வரைக்கும் தான்" என்று கையை விரிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக நாளைக்கே பட்டினி கிடக்க வெளிக்கிட வேண்டாம். எடை திரும்பினால் சீனியும் திரும்பும். அந்த ஆய்வில் இன்சுலின் எடுப்பவர்கள் சேர்க்கப்படவும் இல்லை. 15 கிலோ எல்லோராலும் முடியாது, ஆனால் 80 கிலோ உள்ள ஒருவர் 4 கிலோ குறைத்தாலே சீனி, பிறசர், கொலஸ்ட்ரோல் மூன்றிலும் வித்தியாசம் தெரியும்.

எங்களைப் போன்ற ஆசிய உடம்புக்கு அளவும் வேறு. பிஎம்ஐ 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80, இதற்குள் இருப்பது நல்லது. தராசு இல்லாத வீட்டிலும் தையல் டேப் இருக்கும்.

இனிச் சோறு. சோற்றைப் பற்றி எழுதினால் ஊரில் அரைவாசிப் பேர் கோபிப்பார்கள். வயலும் வேளாண்மையுமாக வாழ்கிற கரையோரம் இது, கல்முனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் சோறு இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை. யாரும் சோற்றை விடச் சொல்லவில்லை. அளவுதான் கதை. சமைத்த சோறு ஒரு கோப்பையில் ஏறத்தாழ 45 கிராம் மாச்சத்து இருக்கிறது. எங்கள் வீட்டுப் பீங்கான்களில் குவித்துப் போட்டால் மூன்று கோப்பை சும்மா பிடிக்கும். அந்த 135 கிராமும் வயிற்றுக்குள் போய் குளுக்கோசாகத்தான் மாறும். தீட்டாத சிவப்பரிசி கொஞ்சம் மெதுவாக மாறும், அது நல்லது. ஆனால் "சிவப்பரிசி தானே" என்று நாலாவது அகப்பையும் போட்டால் கணக்கு ஒன்றுதான். இரவைக்குச் சோறு வேண்டாம் என்று இடியப்பம் பத்து, புட்டு ஒரு கோப்பை, பாண் அரை றாத்தல் என்று போவதிலும் லாபமில்லை. எல்லாம் மாதான்.

பீங்கானில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீன், முட்டை அல்லது பருப்பு, மிச்சக் கால்வாசி சோறு. எங்கள் பக்கத்தில் இது கஷ்டமே இல்லை. கடல் பக்கத்தில், சூடையும் கீரியும் வாசலுக்கே வருகிறது. வல்லாரை, பொன்னாங்கண்ணி, முருங்கை இலை எல்லாம் கொல்லைப் பக்கமே கிடைக்கும். கீரைச் சுண்டலையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் அதே சோற்றுக்கே சீனி குறைவாக ஏறும். கால்மணி நேரம் செலவழித்து யாராவது மச்சான்மாருக்கு விளக்கிச் சொல்லுங்கள்: மரக்கறி என்பது பீங்கான் ஓரத்தில் தொட்டுக்கொள்ள வைக்கும் சாமானில்லை.

சீனி வருத்தம் வீட்டுக்காரருக்கு வந்தால் மனைவி தனியாகச் சமைத்துக் கொடுப்பா. மனைவிக்கு வந்தால்? அவ எல்லோருக்கும் சமைத்து, பரிமாறி, பிள்ளை மிச்சம் வைத்த சோற்றை "வீணாக்கப்படாது" என்று தின்பா. பானை அடியில் கிடப்பதும் அவவுக்குத்தான். நேரமும் பிந்திவிடும், லுஹர் பாங்குக்கு முன் சாப்பிட வேண்டிய குளிசைக்காரி மூன்று மணிக்குச் சாப்பிடுவா. எந்த டயட் சாட்டும் இதற்கு மருந்தில்லை. முழு வீடும் ஒரே சாப்பாட்டுக்கு மாறுவதுதான் வழி. அவவுக்கு நல்லது மற்றவர்களுக்கும் நல்லதுதான், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எதிர்காலத்தில் இது வரும் வாய்ப்பு ஏற்கனவே கூட.

தேத்தண்ணியைப் பற்றி ஒரு கணக்கு. ஸ்டாப் ரூமிலும் ஒபிசிலும் கடையிலுமாக நாளைக்கு ஆறு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி, மொத்தம் பன்னிரண்டு. ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று வைத்தாலும் 48 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கச் சேர்த்துச் சொல்லும் நல்ல அளவே 25 கிராம்தான். டின்பால் தேத்தண்ணி என்றால் கணக்குப் பார்க்கவே பயம். பனங்கட்டி, கித்துள் பாணி, தேன் எல்லாம் இயற்கைதான், ஆனால் இரத்தத்துக்கு அவையும் சீனிதான். சோடாப் போத்தல்களில் 2016 முதல் வட்டம் போட்டிருக்கிறார்களே, சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாங்கும்போது அந்த வட்டத்தை ஒருக்கால் பாருங்கள்.

வீட்டுக்கு ஆள் வந்தால் "சீனி போடவா?" என்று கேட்டுவிட்டு ஊற்றுங்கள். போட்டுக் கொண்டுவந்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல வெட்கம், குடிக்கவும் பயம். சீனியைத் தனியாக ஒரு சின்னக் கோப்பையில் வைப்பது எங்கள் உம்மம்மாமார் காலத்தில் இருந்த பழக்கம்தானே.

சஹன் சோற்றைப் பற்றிச் சொன்னால் வம்பு வரும், ஆனாலும் சொல்கிறோம். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதில் உள்ள அழகும் பறக்கத்தும் எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் ஆறு பேர் ஒரு தட்டில் கை வைக்கும்போது தான் எவ்வளவு தின்றோம் என்று ஒருவருக்கும் தெரியாது. சஹனை விடத் தேவையில்லை. சோற்றைக் குறைத்து ஒரு பெரிய கோப்பை சலாதும் மரக்கறியும் கூட வைத்தால் போதும். இறைச்சித் துண்டை எனக்கு முன்னால் தள்ளிவிடும் காக்கா சலாதையும் தள்ளிவிடட்டும். வட்டிலாப்பத்தை எல்லாச் சஹனுக்கும் வைக்காமல் ஒரு மேசையில் வைத்தால் வேண்டியவர் எடுப்பார். செலவு குறையும், கொட்டும் சோறும் குறையும்.

குளிசை விஷயத்துக்கு வருவோம். "மெட்போமின் கிட்னியைப் பழுதாக்கும்" என்ற கதை இந்த ஊரில் எத்தனை பேரின் மருந்தை நிறுத்தியிருக்கிறது என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். கிட்னியைப் பழுதாக்குவது கட்டுப்பாடில்லாத சீனியும் பிறசரும். கிட்னி ஏற்கனவே பலவீனமானவருக்கு டொக்டர் மெட்போமினைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுவிட்டார், அவ்வளவுதான் நடந்தது. வெந்தயமும் பாகற்காயும் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். குளிசையை நிறுத்திவிட்டு அதைக் குடிப்பது வேறு விஷயம். அடுத்தவருக்கு நல்லா வேலை செய்தது என்று அவரின் குளிசையை இரவல் வாங்கிப் போடுவது அதைவிட மோசம். கிளிக்ளசைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் சீனியை அளவுக்கு மேல் இறக்கவும் கூடும். சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்குபவர் இவற்றை எடுப்பவராக இருந்தால் டொக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் குறைக்க வேண்டும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைச்சுற்று வந்து சீனி 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து.

சில பிள்ளைகளுக்கு வருவது முதலாம் வகை. அது சோற்றாலோ இனிப்பாலோ வந்ததில்லை, அவர்களின் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை. அவர்களுக்கு எடைக் குறைப்பு, இலைச் சாறு எதுவும் பொருந்தாது, ஒரு நாள் கூட இன்சுலினை நிறுத்த முடியாது. உங்கள் பிள்ளைக்கு அப்படி இருந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். மறைக்காதீர்கள். பாட நடுவில் பிஸ்கட் சாப்பிட அந்தப் பிள்ளைக்கு அனுமதி தேவை, விளையாட்டுப் பாடத்தில் மயங்கினால் என்ன செய்வது என்று எங்களுக்கும் தெரிய வேண்டும். பெண் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேச வேண்டும் என்று மறைக்கிறீர்கள், விளங்குகிறது. ஆனால் வகுப்பில் மயங்கி விழும் பிள்ளையைப் பார்த்து நின்று பயந்தவர்கள் நாங்கள்.

கால்களைப் பற்றியும் ஒரு சொல். சீனி நரம்பைப் பாதித்தால் காலில் முள் ஏறியதே தெரியாது. சின்னக் காயம் புண்ணாகி, விரலை எடுத்து, பிறகு காலை எடுத்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நாளைக்கு ஐந்து தரம் வுழூச் செய்யும் ஒருவருக்குக் காலைப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. கழுவும்போது விரலிடுக்கைப் பாருங்கள், தொழுதுவிட்டு வந்து நன்றாகத் துடையுங்கள். ஜும்ஆ நேரம் கொதிக்கும் சீமெந்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

நோன்பு பற்றிக் கேட்பீர்கள். பிடிக்கலாமா கூடாதா என்பதை ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே டொக்டரிடம் கேளுங்கள், குளிசை நேரத்தை மாற்ற வேண்டி வரும். நோயாளிக்குச் சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. விரலில் குத்திச் சீனி பார்த்தால் நோன்பு முறியாது என்று உலமாக்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும், பாங்குக்கு அரைமணி நேரம் தான் இருக்கு என்று இழுக்கக் கூடாது. ஒரு பேரீச்சம்பழத்தில் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி சீனி. ஒன்றோடு நிறுத்தினால் சுன்னத்தும் ஆச்சு. கஞ்சி, சமோசா, சர்பத் மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

கடைசியாக, நாங்கள் இந்தப் பதிவை எழுதக் காரணமான விஷயம். நடை.

கிழமைக்கு 150 நிமிடம் கொஞ்சம் வேகமாக நடக்க வேண்டும் என்று எல்லா டொக்டரும் சொல்கிறார்கள். ஆண்கள் சுபஹுக்குப் பிறகு பீச் ரோட்டில் நடக்கிறார்கள், பந்தும் அடிக்கிறார்கள். எங்கள் பெண்கள் எங்கே நடப்பார்கள்? விடியற்காலையில் ரோட்டில் நாய். பின்னேரம் ரோட்டில் கண்கள். "அவ ஏன் இந்தப் பக்கம் அங்குமிங்கும் போறா?" என்று ஒரு நாள் யாராவது கேட்டால் அடுத்த நாள் அவ வெளியே வரமாட்டா. "வீட்டு வேலை செய்யிறது காணாதா?" என்று கேட்பவர்களுக்கு: வீட்டு வேலையில் களைப்பு வரும், ஆனால் அது நின்று நின்று செய்யும் வேலை, இருபது நிமிடம் தொடர்ந்து மூச்சு வாங்கும் நடைக்கு அது ஈடாகாது. ஈடாகுமென்றால் கிளினிக் வரிசையில் எங்கள் உம்மாமார் இத்தனை பேர் நிற்க மாட்டார்கள். இடம் கிடைக்கும் வரைக்கும் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடந்தாலும் பலன் உண்டு.

ஆனால் இடம் ஏற்கனவே இருக்கிறது. பாடசாலை மைதானங்கள் பின்னேரம் முழுக்கச் சும்மா கிடக்கின்றன. சுற்றுமதிலும் கேட்டும் உண்டு. அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம், கிழமையில் ஐந்து நாள், பெண்களுக்கு மட்டும். பையன்களின் கிரிக்கெட்டுக்கு மஃரிப் வரை மிச்ச நேரம் இருக்கும், அவர்களும் கோபிக்கத் தேவையில்லை. அதிபரின் சம்மதமும் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும், பள்ளி நிர்வாகம் ஜும்ஆவில் ஒரு வார்த்தை சொன்னால் பேச்சுக்கள் அடங்கும். எம்ஓஎச் ஒபிசில் கேட்டால் மாதம் ஒருக்கால் வந்து எடையும் பிறசரும் பார்க்க ஆள் அனுப்பக் கூடும். 35 வயதைத் தாண்டியவர்களை இலவசமாகப் பரிசோதிக்கும் ஹெல்தி லைப்ஸ்டைல் சென்டர்கள் அரசாங்கத்திடம் இருக்கத்தான் இருக்கின்றன, போகிறவர்கள்தான் குறைவு.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை நாங்கள் பேச இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். எங்கள் பாடசாலையில் பிள்ளைகள் படிக்கும் உம்மாமார் அன்றைக்கு வாருங்கள், வாப்பாமாரை மட்டும் அனுப்பாதீர்கள். கேட் திறப்பு யார் கையில் இருப்பது, மைதானத்துக்கு லைட் போட்டால் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று கட்டாயம் கேட்பார்கள். இந்த இரண்டு கேள்விக்கும் உங்களிடம் யோசனை இருந்தால் கீழே எழுதுங்கள், கூட்டத்துக்கு எடுத்துப் போகிறோம்.